பூஞ்சை உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் வேதிப் பூச்சிக்கொல்லிகளும்: கூட்டுப் பயன்பாட்டின் வரலாறு

பூச்சிகளுக்கு நோயை உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சைகளை வேதிப் பூச்சிக்கொல்லிகளுடன் கலந்தோ, அவற்றுக்கு முன்னும் பின்னுமாகவோ பயன்படுத்திப் பயிரைக் காக்கும் முறை கூட்டுப் பயன்பாடு எனப்படுகிறது. இது ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் ஒரு பகுதியாகும். பிவேரியா, மெட்டாரைசியம், லெக்கானிசீலியம் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த பூஞ்சைகள் இதில் மிகுதியாகப் பயன்படுகின்றன.

வேதி நஞ்சு விரைந்து கொல்லும். ஆனால் பூச்சிகள் காலப்போக்கில் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும். பூஞ்சை மெதுவாகக் கொல்லும். ஈரப்பதமும் மிதமான வெப்பமும் இல்லாவிட்டால் பயன் தராது. ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்பதே கூட்டுப் பயன்பாட்டின் அடிப்படை. எனினும் பூஞ்சை ஓர் உயிர். பூச்சியை அழிக்கத் தெளிக்கப்படும் மருந்தோ, பயிர் நோயைத் தடுக்கத் தெளிக்கப்படும் மருந்தோ அதையும் கொன்றுவிடக்கூடும். இந்தச் சிக்கலுக்கு உழவர்களும் அறிவியலாளர்களும் தேடிய விடைகளே இம்முறையின் வரலாறு.

பூஞ்சை செயல்படும் முறை

வேதி நஞ்சுகள் பலவும், பாக்டீரிய, வைரசு வகை உயிரிப் பூச்சிக்கொல்லிகளும் உணவோடு பூச்சியின் குடலுக்குள் சென்றால்தான் செயல்படும். பூஞ்சைக்கு அந்தத் தேவை இல்லை. அதன் நுண்ணிய வித்துகள் பூச்சியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு முளைக்கின்றன. முளைக்குழல் தோலை அழுத்தி, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளையிட்டு உள்ளே செல்கிறது. பூச்சியின் உடற்குழியில் பூஞ்சை பெருகிச் சத்தை உறிஞ்சுகிறது. நச்சுப் பொருள்களையும் வெளியிடுகிறது. பொதுவாக 4 முதல் 10 நாட்களில் பூச்சி இறக்கிறது. காற்றில் ஈரம் போதுமான அளவு இருந்தால், இறந்த உடலின் மேல் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் புதிய வித்துகள் தோன்றி மற்றப் பூச்சிகளுக்குப் பரவுகின்றன.

பூச்சிக்கும் இதில் தற்காப்பு உண்டு. வித்துகள் துளையிடும் முன் தோலுரித்துக்கொண்டால் அவை பழைய தோலோடு போய்விடும். கறையான்கள் ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்து வித்துகளை அகற்றுகின்றன. வெட்டுக்கிளிகள் வெயிலில் காய்ந்து உடல் வெப்பத்தை உயர்த்திக்கொண்டு பூஞ்சையின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. வேதி மருந்தைத் துணையாகச் சேர்ப்பவர்கள் இந்தத் தற்காப்பைக் குலைப்பதையே பெரும்பாலும் நோக்கமாகக் கொண்டனர்.

தொடக்ககாலம்

பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சை முதன்முதலில் அறியப்பட்டது உழவரின் நண்பனாக அன்று; பட்டுத் தொழிலின் பகைவனாக. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து இறந்தன. லோடி நகருக்கு அருகில் வாழ்ந்த அகோஸ்டினோ பாசி ஏறத்தாழ 25 ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். அது ஒரு நுண்ணுயிரால் தொற்றும் நோய் என்பதை 1835ஆம் ஆண்டில் வெளியிட்டார். விலங்கு நோய் ஒன்றுக்கு நுண்ணுயிர் காரணம் எனச் செய்முறையால் காட்டிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று. அப்பூஞ்சையே இன்று அவர் பெயரால் பிவேரியா பாசியானா என வழங்குகிறது. பட்டு வளர்ப்புக் கூடங்களைத் தொற்றுநீக்கிகளால் தூய்மை செய்யுமாறு பாசி அறிவுறுத்தினார். எனவே இப்பூஞ்சையும் வேதிப்பொருளும் முதலில் சந்தித்தது, ஒன்றை மற்றொன்றால் அழிப்பதற்காகவே.

இலங்கையின் காப்பித் தோட்டங்களில் செதில் பூச்சிகளின் மேல் வெண்ணிறப் பூஞ்சை வளர்வதை நீட்னர் 1861ஆம் ஆண்டில் பதிவு செய்தார். பின்னாளில் வெர்ட்டிசீலியம் லெக்கானி எனவும், அதன்பின் லெக்கானிசீலியம் எனவும் பெயர் பெற்ற பூஞ்சையின் வரலாறு இப்பதிவிலிருந்து தொடங்குகிறது.

பூஞ்சையைக் கருவியாக்கும் முயற்சி ரசியப் பேரரசில் நடந்தது. ஒடெசாவில் பணியாற்றிய இலியா மெச்னிகோவ், கோதுமையைத் தாக்கிய வண்டுகளின் பச்சைப் பூஞ்சை நோயை 1879ஆம் ஆண்டில் விவரித்தார். அப்பூஞ்சையைப் பெருமளவில் வளர்த்து வயலில் இடலாம் என்றும் எடுத்துரைத்தார். இதுவே மெட்டாரைசியம் அனிசோப்ளியே. 1884ஆம் ஆண்டில் கிராசில்ஷிக் என்பவர் உக்ரைனின் சிமெலா நகரில் ஓர் உற்பத்திக்கூடம் அமைத்தார். நான்கு மாதங்களில் 55 கிலோ வித்துகள் அங்கு உருவாக்கப்பட்டன. அவற்றை வயலில் இட்டபோது, சர்க்கரைப் பீட்டுக் கிழங்கைத் தாக்கும் கூன்வண்டின் புழுக்களில் 50 முதல் 80 விழுக்காடு வரை 10 முதல் 14 நாட்களில் இறந்ததாகப் பதிவாகியுள்ளது.

கான்சசும் புளோரிடாவும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் தானியப் பயிர்களை அழித்த சின்ச் பூச்சிக்கு எதிராக, பேராசிரியர் பிரான்சிஸ் ஸ்னோ 1888ஆம் ஆண்டு முதல் நோயுற்ற பூச்சிகளை உழவர்களுக்கு அனுப்பிவந்தார். ஆயிரக்கணக்கான உழவர்கள் அவற்றைப் பெற்று வயலில் விட்டனர். பலர் நற்பயன் கண்டதாகத் தெரிவித்தனர். ஆனால் 1911ஆம் ஆண்டில் பில்லிங்ஸ், கிளென் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அப்பூஞ்சை வயல்களில் இயல்பாகவே பரவியிருக்கிறது; ஈரமும் வெப்பமும் ஏற்றவாறு அமைந்தால் தானே பெருகுகிறது; அமையாவிட்டால் எவ்வளவு கொண்டுவந்து போட்டாலும் பயனில்லை என்பது அவர்கள் கண்டது. இலங்கையின் பேராதனையில் பூஞ்சையியலாளராக இருந்த தாமஸ் பெட்ச்சும் செயற்கையாகப் பூஞ்சையைப் பரப்புவதில் நம்பிக்கை கொள்ளவில்லை.

புளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் பாடம் வேறு விதமாக அமைந்தது. அங்கு வெள்ளை ஈக்களையும் செதில் பூச்சிகளையும் இயற்கைப் பூஞ்சைகள் கட்டுக்குள் வைத்திருந்தன. பிரான்சில் மில்லார்டே 1885ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி, ஆரஞ்சு மர நோய்களுக்குத் தெளிக்கப்பட்டபோது செதில் பூச்சிகள் பெருகின. பூச்சியைத் தின்ற பூஞ்சையையும் மருந்து கொன்றுவிட்டது என்பது அன்றைய விளக்கம். இலையில் படிந்த மருந்துத் துகள்களே செதில் பூச்சிகளுக்கு ஏற்ற சூழலைத் தந்தன என்று 1940களில் வேறு சிலர் வாதிட்டனர். காரணம் எதுவாயினும், ஒரு நோய்க்கு இடும் மருந்து வேறொரு பூச்சியைப் பெருகச் செய்யலாம் என்ற எச்சரிக்கை அப்போதே கிடைத்துவிட்டது.

டிடிடி காலமும் ஒருங்கிணைந்த கட்டுப்பாடும்

டிடிடியின் பூச்சிக்கொல்லித் தன்மையைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1948ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். மலிவாகவும் விரைவாகவும் கொல்லும் மருந்து கிடைத்தபின், வானிலையை நம்பியிருக்கும் பூஞ்சையைப் பெரும்பாலோர் மறந்தனர். ஆனால் 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் லாங் தீவில் உருளைக்கிழங்கைத் தாக்கும் கொலராடோ வண்டு டிடிடியைத் தாங்கி வாழத் தொடங்கியது.

1959ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸ்டெர்ன், சிமித், வான் டென் பாஸ்ச், ஹேகன் ஆகிய நால்வரும் ஒருங்கிணைந்த கட்டுப்பாடு என்னும் கருத்தை வெளியிட்டனர். பூச்சியை அடியோடு ஒழிக்கத் தேவையில்லை. இழப்பு உண்டாக்கும் அளவைப் பூச்சியின் எண்ணிக்கை நெருங்கும்போது மட்டும் மருந்து தெளித்தால் போதும். அம்மருந்தும் இயற்கை எதிரிகளுக்கு இயன்றவரை ஊறு செய்யாததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆல்ஃபால்ஃபா தீவனப் பயிரின் அசுவினிக்கு எதிராக டெமெட்டான் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தெளித்தபோது, ஒட்டுண்ணிகள் முதலிய இயற்கை எதிரிகள் பிழைத்து, எஞ்சிய அசுவினியைக் கட்டுப்படுத்தியதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

சோவியத் ஒன்றியத்தில் குறைந்த அளவு நஞ்சு

பூஞ்சையையும் வேதி மருந்தையும் திட்டமிட்டு இணைத்த பெரிய முயற்சி சோவியத் ஒன்றியத்தில் நடந்தது. 1922ஆம் ஆண்டில் பிரான்சின் போர்டோ பகுதியில் நிலைகொண்ட கொலராடோ வண்டு, கிழக்கு நோக்கிப் பரவி 1950களில் உக்ரைனை அடைந்தது. அங்கு தெலெங்கா என்னும் பூச்சியியலாளர், முழு அளவில் நஞ்சு தெளிப்பதற்குப் பதிலாக, பூச்சியைக் கொல்லாமல் தளரச் செய்யும் அளவுக்கு மட்டும் நஞ்சைக் குறைத்து, அதனுடன் பிவேரியா வித்துகளைச் சேர்த்துச் சோதித்தார். தளர்ந்த புழுக்களைப் பூஞ்சை எளிதில் வென்றது.

இதன் தொடர்ச்சியாக 1960களில் போவரின் என்ற பெயரில் பிவேரியாத் தூள் உற்பத்தி செய்யப்பட்டது. கொலராடோ வண்டுக்கும், ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கும் எதிராக அது குளோரோபாஸ் போன்ற மருந்துகளின் குறைந்த அளவுடன் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டது. பிரான்சில் பியர் ஃபெரோன் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், குறைந்த அளவு கரிம பாஸ்பரசு மருந்து வேர்ப்புழுக்களில் பூஞ்சை நோயின் போக்கை மாற்றுவதைக் காட்டியது.

வேதி மருந்தின் வேலை பற்றிய எண்ணமே இங்கு மாறியது. கொல்வது பூஞ்சை, அதற்கு வழி திறந்துவிடுவது மட்டுமே மருந்து. மருந்தின் அளவைக் குறைப்பதே இம்முறையின் உயிர்நாடி. முழு அளவு நஞ்சோடு பூஞ்சையையும் சேர்த்தால், பூஞ்சை வளர்வதற்கு முன்பே பூச்சி இறந்துவிடும். உழவருக்கு இரட்டைச் செலவுதான் மிஞ்சும்.

உருளைக்கிழங்கு வயலில் எதிர்பாராத தடை

பூச்சிக்கொல்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆய்வாளர்களுக்கு, பூஞ்சைக்கொல்லி அதைவிடப் பெரிய தடை என்பது உருளைக்கிழங்கு வயல்களில் தெளிவாயிற்று. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான பின்கருகல் நோயைத் தடுக்க, ஈரமான பருவத்தில் உழவர்கள் ஏறத்தாழ வாரந்தோறும் மருந்து தெளிக்க வேண்டியுள்ளது. பூச்சியைத் தாக்கும் பூஞ்சை செழிப்பதும் அதே ஈரமான நாட்களில்தான்.

மின்னசோட்டாவில் நான்னே, ராட்கிளிஃப் ஆகியோர் 1971ஆம் ஆண்டில், பூஞ்சைக்கொல்லி தெளித்த உருளைக்கிழங்கில் அசுவினிகள் பெருகியதை வெளியிட்டனர். அசுவினிகளைக் கொல்லும் இயற்கைப் பூஞ்சைகளை மருந்து தடுத்ததே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. ரோட் தீவில் 1982ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி பிவேரியாவைத் தடுப்பதையும், மெட்டலாக்சில் அவ்வாறு தடுக்காததையும் காட்டியது.

இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் உண்டு. பின்கருகல் நோயை உண்டாக்கும் உயிர் பூஞ்சை போலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சை அன்று. ஊமைசீட்டுகள் என்னும் வேறு பிரிவைச் சேர்ந்தது. மெட்டலாக்சில் அப்பிரிவை மட்டும் தாக்குகிறது. மான்கோசெப்போ உயிரணுவின் பல செயல்களை ஒரே நேரத்தில் குலைப்பதால், நன்மை செய்யும் பூஞ்சையையும் விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் மெட்டலாக்சிலை மட்டும் தெளித்தால் போதாதா என்ற கேள்வி எழும். 1980ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் பின்கருகல் நோய்க்கிருமி மெட்டலாக்சிலுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றது. அதைத் தடுக்க அம்மருந்து மான்கோசெப்புடன் கலந்தே விற்கப்படலாயிற்று. நோய்க்கு எதிரான நல்ல உத்தி, பூச்சிக்கு எதிரான பூஞ்சைக்குத் தீங்காக அமைந்தது. பயிரைப் பஞ்சம் அளவுக்கு அழிக்கவல்ல நோயைக் கண்டு மருந்து தெளிக்காமல் இருக்க எந்த உழவராலும் இயலாது. ஆகவே மருந்தின் வகையையும் தெளிக்கும் நாளையும் மாற்றிப் பார்ப்பதே எஞ்சிய வழியாயிற்று. கொலராடோ வண்டின் புழு முதிர்ந்ததும் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாவதால், இலையில் படும் மருந்திலிருந்து விலகி மண்ணிலேயே பூஞ்சையைச் செயல்பட வைக்கும் முயற்சிகளும் நடந்தன.

இமிடாகுளோப்ரிட் தந்த விளக்கம்

1990களில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இமிடாகுளோப்ரிட் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரிடாவில் பூசியாஸ் குழுவினர் 1996ஆம் ஆண்டில், இம்மருந்து சிறிதளவு பட்ட கறையான்கள் ஒன்றையொன்று தூய்மை செய்யும் பழக்கத்தை இழப்பதையும், அதனால் பிவேரியா அவற்றை எளிதில் கொல்வதையும் காட்டினர்.

கொலராடோ வண்டின் புழுக்களில் ஃபர்லாங், குரோடன் ஆகியோர் 2001ஆம் ஆண்டில் இன்னொரு காரணத்தைக் கண்டனர். இமிடாகுளோப்ரிட் உண்ட புழு உணவு கொள்வதை நிறுத்துகிறது; வளர்ச்சி தாமதமாகிறது; தோலுரிப்பும் தள்ளிப்போகிறது. இடைப்பட்ட நாட்களில் வித்துகள் துளையிட்டுவிடுகின்றன. மருந்தே இல்லாமல் புழுக்களைப் பட்டினி போட்டபோதும் பூஞ்சையால் இறப்பது அதிகரித்தது. பூஞ்சைக்கு உதவியது நஞ்சைவிட அது உண்டாக்கிய பட்டினியே என்பதை இது உணர்த்தியது.

இதுவும் முடிவான தீர்வாகவில்லை. கொலராடோ வண்டு சில ஆண்டுகளிலேயே இமிடாகுளோப்ரிட்டையும் எதிர்க்கத் தொடங்கியது. தேனீக்களுக்குத் தீங்கு நேர்வதால் ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் இம்மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது.

கூட்டு விளைவைக் கணக்கிடுதல்

இரண்டையும் சேர்த்தால் அதிகப் பூச்சிகள் இறந்தன என்பது மட்டும் கூட்டு வலிமைக்குச் சான்றாகாது. எடுத்துக்காட்டாக, மருந்து மட்டும் 40 விழுக்காடும் பூஞ்சை மட்டும் 30 விழுக்காடும் கொல்வதாகக் கொள்வோம். மருந்துக்குத் தப்பிய 60 விழுக்காட்டில் பூஞ்சை 30 விழுக்காட்டைக் கொன்றால், மேலும் 18 விழுக்காடு இறக்கும். ஆகவே எதிர்பார்க்க வேண்டிய மொத்தம் 58 விழுக்காடு. கண்டறிந்த அளவு இதைவிடத் தெளிவாக மிகுந்தால் அது ஒன்றையொன்று வலுப்படுத்தும் விளைவு. ஏறத்தாழ ஒத்திருந்தால் வெறும் கூட்டல் விளைவு. குறைந்தால் ஒன்றையொன்று தடுக்கும் விளைவு.

மருந்து பூஞ்சைக்கு ஊறு செய்கிறதா என்பதை ஆய்வகத்தில் வித்து முளைப்பு, வளர்ச்சி, புதிய வித்து உருவாக்கம் ஆகிய மூன்றையும் அளந்து அறிகின்றனர். பூஞ்சை ஆய்வகத்தில் மருந்து கலந்த ஊடகத்தில் பல நாட்கள் தங்கி வளர்வதால், வயலில் இருப்பதைவிடத் தீங்கு மிகையாகத் தோன்றலாம். மேலும், ஒரே மருந்தின் வெவ்வேறு தயாரிப்புகள் வெவ்வேறு விளைவைத் தரக்கூடும். திரவத் தயாரிப்புகளில் உள்ள கரைப்பான்களும் பால்மமாக்கிகளும் வித்துகளைப் பாதிக்கக்கூடும்.

இடமும் காலமும் பிரித்தல்

ஒரே தொட்டியில் கலப்பது மட்டுமே கூட்டுப் பயன்பாடு அன்று. 1986 முதல் 1989 வரை ஆப்பிரிக்காவில் பரவிய பாலைவன வெட்டுக்கிளிப் படையெடுப்புக்குப் பின், 1989ஆம் ஆண்டில் லுபிலோசா என்னும் பன்னாட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மெட்டாரைசியம் வித்துகளை எண்ணெயில் கலந்து தெளிக்கும் முறையை அது உருவாக்கியது. எண்ணெய் வித்துகளைப் பூச்சியின் தோலில் பரப்பி ஒட்டவைப்பதால், வறண்ட நிலத்திலும் பூஞ்சை செயல்பட்டது. இதன் விளைவான கிரீன் மசில் 1998ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்றது. இது கொல்ல ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். எனவே பயிரை நெருங்கிவிட்ட கூட்டங்களுக்கு வேதி மருந்தும், பயிரிலிருந்து தொலைவில் உள்ள இறக்கையற்ற இளம் பூச்சிகளுக்கும் ஈரநிலங்கள் போன்ற சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளுக்கும் பூஞ்சையும் என வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். 2009ஆம் ஆண்டில் தான்சானியாவில் செவ்வெட்டுக்கிளிகளுக்கு எதிராக இப்பூஞ்சை பெரிய அளவில் தெளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டுக்கு எதிரான பரிந்துரைகளில் இதே பிரிவினையைக் காணலாம். இவ்வண்டின் புழு எருக்குழியிலும் மட்கிய தென்னை மரத்திலும் வளர்கிறது. ஈரமும் நிழலும் உள்ள அந்த இடம் மெட்டாரைசியத்துக்கு ஏற்றது. எனவே பூஞ்சை எருக்குழியில் இடப்படுகிறது. வளர்ந்த வண்டோ மரத்தின் குருத்தைத் துளைக்கிறது. அங்கு மட்டை இடுக்குகளில் அந்துருண்டையும் மணலும், அல்லது வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் வைக்கப்படுகின்றன. பூஞ்சையும் வேதிப்பொருளும் ஒன்றையொன்று தொடாமலே ஒரே பூச்சியின் இரு பருவங்களைத் தாக்குகின்றன.

மதிப்பீடு

பாசியின் காலம் முதல் இன்றுவரை கிடைத்த பட்டறிவு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பூஞ்சையும் வேதி மருந்தும் பொதுவாக நட்பானவையும் அல்ல, பகையானவையும் அல்ல. எந்தப் பூஞ்சை, எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாளில், செடியின் எந்தப் பகுதியில் என்பவையே விளைவை முடிவு செய்கின்றன. பூச்சிக்கொல்லியோடு ஒத்துப்போகும் பூஞ்சை, நோய்க்குத் தெளித்த பூஞ்சைக்கொல்லியால் அழியலாம். இரண்டையும் தனித்தனிப் பரிந்துரைகளாகப் பெறும் உழவருக்கு இந்தத் தொடர்பு தெரிய வாய்ப்புக் குறைவு. விலை கொடுத்து வாங்கிய பூஞ்சை பயனற்றுப் போகும்போது குறை உயிரிப் பூச்சிக்கொல்லியின் மேல் விழுகிறது. உழவர் மீண்டும் முழு அளவு நஞ்சுக்கே திரும்புகிறார். நஞ்சின் அளவு குறைந்ததா என்பதே கூட்டுப் பயன்பாட்டின் வெற்றிக்கு உரைகல். அது குறையாத இடத்தில், மருந்துச் செலவோடு பூஞ்சைச் செலவும் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்.